இரண்டு கிலோவுக்குள்

ஜூலை 6

லிஜா இன்று ஒரு துணிப்பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு, சைலஸின் இடது தோளில் மாட்டிப் பார்த்தாள். ஒரு லிட்டருக்குத் தோள் நின்றது. இரண்டு லிட்டருக்கும் நின்றது, ஆனால் அவன் உதடு மடிந்தது. மூன்றாவது பாட்டிலைப் பாதி நிரப்பிப் போட்டதும் பை வழுக்கி முழங்கைக்கு வந்தது. அவனும் அதோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

“ரெண்டு கிலோ. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது,” என்றாள்.

அவன் கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். விபத்து நடந்து ஏழு வாரம் ஆகிறது. இந்த ஏழு வாரத்தில் தம்பியின் முதுகைப் பார்த்த அளவுக்கு நான் முகத்தைப் பார்க்கவில்லை.

லிஜா பிசியோதெரபிஸ்ட். என்னோடு பள்ளியில் படித்தவள். வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கே வருகிறாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“தோள் நரம்பு மெதுவாத்தான் வரும் கெத்சி. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்க. அதுக்கு நான் பயப்படல. விரலுக்குத்தான் பயப்படுகேன். அவன் அசைக்கவே மாட்டேங்கான். மூட்டு இறுகிப்போச்சுன்னா பொறவு நரம்பு வந்து என்ன செய்ய? இடிஞ்ச வீட்டுக்குக் கரண்டு கொடுத்த மாதிரி. ஆகஸ்ட் முப்பது டாக்டர் பாக்காரு. அதுக்குள்ள அந்தக் கை எதையாவது பிடிச்சாகணும்.”

“எத?”

“எதையாவது. அவனுக்கு வேணும்னு தோணுற எதையாவது.”

அவனுக்கு வேண்டும் என்று தோன்றுவது ஒன்றுதான். பதினாறு வயதிலிருந்து ஒன்றுதான். நான் பகலில் ரப்பர் மரச்சாமான் தொழிற்சாலையில் நாற்காலிகளுக்கு வரைபடம் போடுகிறேன். சனிக்கிழமை மதியத்துக்குமேல் அங்கிருக்கும் இயந்திரங்களை நான் பயன்படுத்த அனுமதி உண்டு. அப்படி இதுவரை மூன்று மின்கிதார் செய்திருக்கிறேன். மூன்றும் அவனுக்கு. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கிற ஒரு குழுவில் அவன் முன்னால் நின்று வாசிக்கிறவன். கடைகளில் கிடைக்கிற மின்கிதார் மூன்றரை, நாலு கிலோ. நான் செய்தவை அதைவிட அதிகம்.

எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குள் ஒன்று வேண்டும். கம்பிகள் ஓடுகிற கழுத்துப் பகுதி, நெக், ஐந்நூற்று இருபது கிராம். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், அவற்றை முறுக்கும் கீ, ஓசையை எடுக்கும் பிக்கப், கம்பி எல்லாமாக அறுநூறு. மீதி எண்ணூற்று எழுபதோ எண்பதோதான் உடல் பலகைக்கு, பாடிக்கு. ஒரு பெரிய பப்பாளிப்பழத்தின் எடை.


ஜூலை 8

பால்காரரிடம் நாளை முதல் அரை லிட்டர் குறைக்கச் சொன்னேன். சைலஸ் டீ குடிப்பதையும் விட்டுவிட்டான்.


ஜூலை 10

மதியம் அரை நாள் விடுப்பு. ராஜையன் அண்ணனின் தடி அறுப்பு மில்லுக்குப் போனேன். எல்லா மரத்திலும் ஒரே அளவில் துண்டு கேட்டேன்: பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து அகலம், மூன்று கனம். அந்த அளவில் ஒரு துண்டு நூறு கிராமுக்குள் இருந்தால் பாடி என் கணக்குக்குள் வரும்.

“பொட்டிக்கடை போடப்போறியா? பிஸ்கட் கேக்க மாதிரி கேக்க,” என்றார் ராஜையன் அண்ணன்.

“கிதாருக்கு.”

“தெரியும். புளி கேட்டு வந்த பிள்ளையில்லா நீ. இறைச்சி வெட்டுற கட்டைக்குக் கொடுக்க வச்சிருந்தத தூக்கிட்டுப் போன. இப்ப என்ன, தலைகீழா லேசா வேணுமாக்கும்?”

நான் அளவுகோலை மடக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே வாள் பக்கம் போய் நின்று ஒவ்வொன்றாக அறுத்துத் தந்தார்.

வீட்டில் அம்மாவின் கேக் தராசில் வைத்துப் பார்த்தேன். தேக்கு நூற்றுத் தொண்ணூறு. ரப்பர் அதற்கு இரண்டு கிராம் குறைவு. பலா, அயினி இரண்டும் நூற்று எழுபதைச் சுற்றி. மலைவேம்பு நூற்று இருபத்தெட்டு. பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் போடுகிற ஏழிலைப்பாலை நூற்றுப் பதினெட்டு. எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்த பெட்டியின் பைன் பலகை நூற்று நாற்பது; அதில் இருந்த ஆணித்துளையைக் கழிக்கவில்லை. வேலிக்கு நடுகிற முருக்கு மரத்தை ராஜையன் அண்ணன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அது நூற்று முப்பத்தொன்று. அதைத்தான் அதிகம் நம்பியிருந்தேன்.

அம்மா அங்கன்வாடியிலிருந்து வந்து பார்த்தாள். “எந் தராசுல மண்ணும் பொடியும். கிறிஸ்மஸ் கேக்ல தேக்கு மணக்கப் போவுது.”


ஜூலை 14

முருக்குத் துண்டைத் தற்செயலாக மறுபடி எடை போட்டேன். நூற்று ஆறு. நான்கு நாளில் இருபத்தைந்து கிராம் எங்கே போனது? தண்ணீர். நான் மரத்தை நிறுக்கவில்லை, அதற்குள் இருந்த மழையை நிறுத்திருக்கிறேன். ரப்பர் பலகை உலர்த்துகிற சூட்டறைக்குப் பக்கத்தில் நான்கு வருடம் உட்கார்ந்து வேலை செய்கிறவள் செய்யும் தவறா இது.

ஒரு முழுப் பலகையைச் சூட்டறையில் ரப்பர் பலகைகளோடு சேர்த்து அடுக்கிவிட்டேன்.


ஜூலை 19

இன்று அவனிடம் பேசிப் பார்த்தேன். தட்டில் புட்டும் பயறும் கொண்டுபோய் வைத்தேன். முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

“சைலஸ், முருக்குல ஒண்ணு செய்யுகேன். ரெண்டு கிலோகூட வராது.”

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“நான் கேட்டனா?”

“கேக்கல.”

“பொறவு உனக்குன்னு சொல்லு. உனக்கு ஒரு கிதார் செய்யணும்னு ஆசை. செஞ்சுக்க. எம் பேரச் சொல்லிச் செய்யாத.”

புட்டைச் சாப்பிட்டான். வலது கையால். இடது கை போர்வைமேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. விரல்கள் பாதி மடிந்து அப்படியே நின்றுவிட்டன.


ஜூலை 26

முருக்கு பாடி முடிந்தது. நன்றாக உலர்ந்து, துண்டு எண்பத்து நான்குக்கு இறங்கியது. முழுக் கிதார் ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. தராசைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தொழிற்சாலையின் பின்வாசலில் நின்று ஸ்ட்ராப்பை என் தோளில் மாட்டினேன். கையை எடுத்தேன். நெக் மெல்லக் கீழே இறங்கித் தரையைப் பார்த்தது. தூக்கி நிறுத்தினேன். மறுபடி இறங்கியது.

இதை நான் யோசிக்கவே இல்லை. கனமான பாடி மறுமுனையில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் நெக் இத்தனை நாள் நிமிர்ந்து நின்றது. பாடி லேசானால் நெக் விழும். விழுகிற நெக்கை வாசிக்கிறவன் தாங்க வேண்டும். எந்தக் கையால்? இடது கையால். தோளுக்குப் பாரத்தைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, அதை அப்படியே அந்தக் கையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கம்பியை இறுக்கினேன். பிரிட்ஜின் ஸ்க்ரூக்கள் ரஸ்க்கிலிருந்து வருவதுபோல் வெளியே வந்தன.


ஜூலை 27

ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறு. குருவானவர் சைலஸுக்காக ஜெபித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்துக்கொண்டேன்.


ஆகஸ்ட் 1

லிஜா பிளாஸ்டிக்கில் ஒரு கோணமானி வைத்திருக்கிறாள். விரல் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அதில் பார்ப்பாள். மோதிர விரலும் சுண்டு விரலும் சென்ற வாரத்தைவிட நான்கு பாகை குறைவு. அவள் அதைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். நான் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

மே பதினெட்டாம் தேதியைப் பற்றி இங்கே எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். எழுதிவிடலாம்.

கிறிஸ்து அரசர் தெரு முனையில் மணல் கொட்டியிருந்தார்கள். ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். வேகம் இருபதுகூட இருக்காது. சறுக்கியது. எனக்கு முழங்காலில் தோல் உரிந்தது. பின்னால் இருந்த சைலஸ் இடது பக்கமாக விழுந்தான். கிதார் உறையோடு அவன் இடது தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிதாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன, இரும்பா? விழுந்ததுல ஒண்ணும் இல்ல. இது தோளப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்திருக்கு, அதுதான் நரம்புல வாங்கியிருக்கு,” என்றார்.

“புளி,” என்றேன்.

“என்னது?”

“புளிய மரம். வைரம் பாஞ்ச மரம்.”

ஐந்தே கால் கிலோ. கனமான மரத்தில் தந்தியின் ஓசை நீண்டு நிற்கும் என்று எங்கெங்கோ படித்திருந்தேன். மின்கிதாரில் தந்தியின் அசைவைப் பிக்கப்தான் எடுக்கிறது, மரத்துக்கு அதில் பங்கு சொற்பம் என்று வாதிடுகிறவர்களையும் படித்திருந்தேன். எனக்குக் கனம் பிடித்திருந்தது. கருஞ்சிவப்பில் ஓடுகிற அந்த வைரத்தின் கோடுகள் பிடித்திருந்தன. அந்தக் கிதார் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு கீறல் இல்லை.


ஆகஸ்ட் 4

முருக்கு மென்மை. ஏழிலைப்பாலை எடை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். ராஜையன் அண்ணனைக் கேட்டேன்.

“மட்டி இருக்கு. பழப்பெட்டி, தீப்பெட்டி செய்யுகது. ஆனா எங்கிட்ட இருக்கது பச்சை. காஞ்சது வேணும்னா தாசையன் பரண்லதான் கிடக்கு. ஆனா அவன் தரமாட்டான்,” என்றார்.

தாசையன் அண்ணன் சவப்பெட்டி செய்கிறவர். மூன்று வருடத்துக்கு முன்பு அப்பாவுக்கும் அங்கிருந்துதான் வந்தது. உள்ளே துணி விரிப்பதற்கு முன்னால், அடிப்பலகையில் உளி முனையால் அப்பா பெயர் வெட்டியிருந்ததைச் சைலஸ்தான் பார்த்தான். அதன்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தான்.

“வா பிள்ளே. இங்க யாரும் சும்மா வரமாட்டாவ. ஆரு?” என்றார் தாசையன் அண்ணன்.

“யாருமில்லண்ணா. மட்டிப் பலகை வேணும். தம்பிக்கு ஒரு கிதார் செய்யணும்.”

பரணிலிருந்து ஒன்றை இறக்கி என் கையில் வைத்தார். வெண்ணெய் நிறம். ஆளுயரம் இருந்தும் அதன் எடையைக் கை உணரவே இல்லை.

“நாலு வருசமாக் காயுது. எதுக்கு மட்டி போடுகோம் தெரியுமா? உள்ள கிடக்கவனுக்குத் தேக்கா இருந்தா என்ன, தகரமா இருந்தா என்ன. தூக்கிட்டுப் போற நாலு பேருக்குத் தோள் நோகப்பிடாது. அதுக்குத்தான்.”

அதைக் கேட்டதும் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஆனா தரமாட்டேன்,” என்றார். “எங்கப்பா காலத்துல ஒரே நாள்ல ரெண்டு சாவு. ரெண்டு பேரும் ஒரே உயரம். பெட்டி மாறிப்போச்சு. தேக்குக்குச் சொன்னவன் மட்டில போனான், மட்டிக்குச் சொன்னவன் தேக்குல ராசா மாதிரி போனான். கல்லறைல வச்சு ரெண்டு குடும்பத்துக்கும் அடி. அன்னைக்கிலருந்து பேரு வெட்டாம ஒரு பலகை இந்தப் படி இறங்காது. பேரில்லாமப் போனா அது போற வீட்டுல ஒரு பேரத் தேடும்னு எங்கப்பா சொல்லுவாரு. நீ படிச்ச பிள்ளை, சிரிப்ப.”

நான் சிரிக்கவில்லை. “ஏதாவது ஒரு பேர வெட்டித் தாங்க.”

“இல்லாதவன் பேர வெட்டினா கள்ளத்தனம். செத்தவன் பேரும் ஆவாது, அவனவனுக்கு ஒண்ணு போயாச்சு. போ மக்ளே. வேற மரம் பாரு.”

வெளியே விழுந்திருந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து வந்தேன். அளவாக அறுத்து நிறுத்தேன். தொண்ணூற்றேழு கிராம். ஸ்க்ரூவை இறக்கி இடுக்கியால் இழுத்தேன். வரவில்லை.


ஆகஸ்ட் 5

சாப்பாட்டு இடைவேளையில் தாசையன் அண்ணனிடம் மறுபடி போனேன்.

“என் பேர வெட்டுங்க,” என்றேன்.

அவர் கையிலிருந்த கொட்டாப்புளிச் சுத்தியலைக் கீழே வைத்தார். “விளையாடாத பிள்ளே.”

“என்னைக்காவது ஒரு நாள் எனக்கும் ஒண்ணு வேணும்தானே. முன்கூட்டியே வாங்கினதா வச்சுக்கங்க. கள்ளத்தனம் இல்ல, செத்த பேரும் இல்ல.”

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சுகமா என்றார். அம்மா சுகமா என்று தனியாகக் கேட்டார். பிறகு பலகையைக் குப்புறப் போட்டு உளியை எடுத்தார். என் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக, ஆழமாக வெட்டினார். ‘சி’ எழுதும்போது அதன் மேல்வளைவைச் சுழித்துவிடுகிற பழக்கம் அவருக்கு இருக்கிறது.

“பேருக்குக் கீழ வயசு போடுவோம்,” என்றார்.

“இருபத்தேழு.”

‘வயது’ என்று வெட்டினார். அதோடு உளியைத் துடைத்து வைத்துவிட்டார்.

“நம்பர் போடலியே அண்ணா.”

“அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கொண்டு போ.”


ஆகஸ்ட் 9

சனி. பலகையை இரண்டாக அறுத்து முகத்துக்கு முகம் வைத்து ஒட்டி, கனத்தை மூன்று சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். கீகளைப் பாடியின் வால் பக்கத்துக்கு மாற்றிவிட்டு நெக்கின் தலையை அறுத்து எடுத்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் இழுக்க ஒன்றுமில்லை. ஸ்ட்ராப் மாட்டும் குமிழை முன்னால் தள்ளினேன். நெக் விழவில்லை. பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்த்தேன், விழவில்லை.

பெயர் வெட்டிய முகத்தை ஒட்டும் பக்கமாக வைத்திருந்தால் உள்ளே மறைந்திருக்கும். இழைப்பு இயந்திரத்தில் ஒரு முறை விட்டிருந்தால் போயிருக்கும். மரத்தின் நார் ஓட்டத்துக்கு மறுபக்கம்தான் இழைக்க வசதியாக இருந்தது. அதனால் அது கிதாரின் முதுகில் அப்படியே இருக்கிறது. வாசிக்கும்போது வயிற்றில் படுகிற பக்கம். யார் பார்க்கப் போகிறார்கள்.


ஆகஸ்ட் 12

அலமாரியை ஒழித்தேன். புத்தகங்களில் பாதியை லிஜாவுக்குக் கொடுத்துவிட்டேன். இடத்தை அடைக்கிறது. அவள் இரண்டு பையிலும் தூக்க முடியாமல் தூக்கிப்போனாள். “எல்லாம் நீ கோடு போட்டு வச்சுப் படிச்சதுல்லா?” என்று கேட்டாள். படித்தாயிற்று என்றேன்.

கேஸ் சிலிண்டர் புத்தகம், வீட்டு வரி ரசீது, அப்பாவின் பென்ஷன் தாள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று அம்மாவிடம் காட்டிக் கொடுத்தேன். “இதெல்லாம் நீதானே பாப்ப, எனக்கெதுக்கு?” என்றாள்.


ஆகஸ்ட் 15

விடுமுறை. மழை. எழுதாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன்.

மே பதினெட்டு அன்று, படியிறங்கும்போது சைலஸ் சொன்னான்: “யக்கா, கனமா இருக்கு. ஆட்டோவுல போட்டு அனுப்பலாமா? மத்தவனுவ சாமானோட போயிரும்.”

நான் சொன்னேன்: “இந்தா இருக்க கோயிலுக்கு ஆட்டோவா? ஆம்பளைப் பிள்ளைக்கு அஞ்சு கிலோ கனமா?”

அவன் சிரித்துவிட்டு மாட்டிக்கொண்டான்.

இந்த இரண்டு வரியும் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா என்னைத் திட்டியிருப்பாள், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். அது எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 18

ஒரு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. அவன் அறையில் அவன் பார்க்கிற சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இப்போது முகம் தெரிகிறது. கண்ணை மூடியிருக்கிறான்.


ஆகஸ்ட் 21

விரல்களில் இன்னும் இரண்டு பாகை போயிற்று. லிஜா இன்று வாசலில் நிற்காமல் போனாள். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். டாக்டர் சொல்லட்டும்,” என்றாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டவள் மறுபடி கழற்றினாள். “நீ ஒழுங்கா தின்னுகியா கெத்சி? எலும்பு துருத்திட்டு நிக்கு.”

“தின்னுகேன்.”

கிதார் தூசி படிந்து தொங்குகிறது. தொட ஆள் இல்லாத கிதாருக்கு எந்த மரமாக இருந்தால் என்ன. முருக்காக இருந்தாலும், புளியாக இருந்தாலும். நான் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று தெரிகிறது. இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. தெரிந்தபின் ஒருவித நிம்மதிகூட வருகிறது.


ஆகஸ்ட் 23

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா ஆலயத்தில் பெண்கள் கூடுகைக்குப் போயிருந்தாள். சைலஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தான். கிதார் அவன் மடியில் குப்புறக் கிடந்தது.

“இது என்னதுக்கா?”

கிதாரின் முதுகை எனக்குக் காட்டினான். நான் பையை ஆணியில் மாட்டினேன்.

“பலகை வாங்குன இடத்துல எழுதினது.”

“எந்த இடம்? ‘சி’க்கு மேல்வளைவு சுழிச்சிருக்கு. எனக்குத் தெரியாதா? அப்பாவோட பெட்டில ‘சிலுவைமுத்து’ன்னு இதே கையி.”

“பேரில்லாமத் தரமாட்டேன்னாரு.”

“அதுக்கு ஒம் பேரா? எம் பேரச் சொல்லவேண்டியதுதானே.”

“போடா.”

“சொல்ல நாக்கு வரல என்னா? ஒம் பேரச் சொல்ல மட்டும் நல்லா வந்திச்சு.”

நான் அடுப்படிக்குப் போகத் திரும்பினேன்.

“நில்லு. லிஜா முந்தாநாள் எங்கிட்ட ஒண்ணு கேட்டா. உங்கக்கா எதுக்குப் புத்தகத்தப் பூரா தூக்கி எனக்குத் தந்தான்னு. அம்மா இன்னைக்கி மத்தியானம் சொல்லுகா, பென்ஷன் தாள் எங்க இருக்குன்னு நீ காட்டிக் கொடுத்தியாம். நான் சொவத்தப் பாத்துட்டுக் கிடந்தேன். செவிடு இல்ல.”

“இடத்த அடைக்குன்னு கொடுத்தேன்.”

“யக்கா.”

“என்ன?”

“கனமா இருக்குன்னு சொன்னவன் நான். பொறவு மாட்டிட்டு வந்தவனும் நான். ஏன் வந்தேன் தெரியுமா? எனக்கு அந்தப் புளியப் பிடிக்கும். மேடைல மத்தவனுவ என்ன மரம்னு கேப்பானுவ. எங்கக்கா செஞ்சது, தூக்கிப் பாருலேன்னு கொடுப்பேன். தூக்கிட்டு மூச்சு வாங்குவானுவ. ஆட்டோல போட்டா யாரு பாப்பா? அதுக்குத்தான் வந்தேன். இத நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும். மூணு மாசமா நீ கேக்கட்டும்னு கிடந்தேன், நான் சொல்லட்டும்னு நீ கிடந்த.”

நான் திரும்பி அறைக்குள் வந்தேன்.

“உப்புத்தாள் எங்க?” என்றான்.

“எதுக்கு?”

“இத அழிக்கணும்.”

“இங்க கொடு. மெஷின்ல விட்டா ரெண்டு நிமிசம்.”

“நீ தொடாத. நீ தொட்டது போதும்.”

உப்புத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். வலது கையால் தேய்க்க ஆரம்பித்தான். கிதார் அவ்வளவு லேசு. தேய்க்கிற வேகத்துக்கு மடியிலிருந்து நழுவி ஓடியது. இழுத்து வைத்தான். மறுபடி ஓடியது. புளியாக இருந்திருந்தால் அசையாமல் கிடந்திருக்கும். ஒரு கெட்டவார்த்தை சொன்னான். உப்புத்தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு, வலது கையால் இடது கையைத் தூக்கி எடுத்துக் கிதாரின்மேல் வைத்தான். விரல்கள் ஓரத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டன. மறுபடி தேய்த்தான். இடது கை நழுவியது. மறுபடி தூக்கி வைத்தான். நெற்றி முழுக்க வியர்வை. நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். அவன் போ என்று சொல்லவில்லை, நானும் போகவில்லை.

அம்மா வருகிற நேரத்துக்கு ‘கெ’யின் கொம்பு பாதி மங்கியிருந்தது.


ஆகஸ்ட் 25

வெள்ளைப் பொடி போர்வை முழுக்க. அம்மா பெருக்கிப் பெருக்கி அலுத்துவிட்டாள். அவளிடம் அவன் என்ன சொன்னானோ, என்ன எழுத்து என்று அவள் என்னைக் கேட்கவில்லை. காலையில் எனக்கு மூன்று தோசை வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று லிஜா வந்தபோது அவன் நிமிரவே இல்லை. அவள் கோணமானியை எடுக்காமல் அப்படியே நின்று அவன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கட்டை விரல அடியில கொடுத்துப் பிடி. அப்பந்தான் நழுவாது,” என்று மட்டும் சொன்னாள்.

“‘வயது’ன்னு ஒண்ணு வெட்டியிருக்கே, அதையும் அழிக்கணுமா?” என்று என்னைக் கேட்டான்.

“உன் இஷ்டம்.”

“அது கிடக்கட்டும். கிதாருக்கும் ஒரு வயசு வேணும்லா.”


ஆகஸ்ட் 28

‘த்’ போயிற்று. வலது தோள் வலிக்கிறது என்று கை மாற்றிப் பார்த்தான். இடது கையில் உப்புத்தாள் நிற்கவில்லை. நான்கு முறை விழுந்தது. ஐந்தாம் முறை மூன்று இழுப்பு இழுத்தான்.


ஆகஸ்ட் 30

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். லிஜா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தார். கிதார் வாசிக்க முடியுமா என்று அம்மா கேட்டாள். அதை இப்போது சொல்ல முடியாது, நரம்பு வர இன்னும் ஆறு மாதம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். மூட்டு இறுகவில்லை. கடைசி ஒரு வாரத்தில் ஏழு பாகை திரும்பியிருக்கிறது.

“என்ன எக்சர்சைஸ் செய்யுக?” என்று அவனைக் கேட்டார்.

“ஒரு பேர அழிக்கேன்.”

“யாரு, காதலியா?”

“இல்ல. எங்கக்கா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த முதுகெலும்பு பொம்மையைப் பார்த்தேன்.

என் பெயரின் கடைசியில் இன்னும் ‘யாள்’ இருக்கிறது. தேய்த்த இடத்தில் பலகை குழிந்துவிட்டது. விரலை வைத்தால் தெரியும். அழிந்த எழுத்துகளையும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் வாசிக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் லிஜாவின் வீட்டுக்குப் போனேன். என் புத்தகங்களைத் திருப்பித் தருவாயா என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பையையும் எடுத்துவந்து வைத்தாள். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். பாதிதான் படித்திருக்கிறாளாம், அவளுக்கு மெதுவாகத்தான் ஓடுமாம், முடிய இரண்டு மூன்று மாதம் ஆகுமாம்.

சரி, நான் காத்திருக்கிறேன் என்றேன்.